இருபது வருஷமா மிஷின் ரிப்பேர்

பாதி மீசையை எடுத்துட்டு, மீதி மீசையோட ஒரு மனுஷனை நாற்காலியில காத்திருக்க வெச்சு, போனைத் தூக்கிக் காட்டுற சலூன்காரரை எங்கயாவது பார்த்திருக்கீங்களா? இந்தத் தெருவுல ஒருத்தர் இருக்காரு. பத்து மாசமா அவருக்கு இதே வேலை.

"பாருங்க, இது நேத்து எடுத்தது. சிரிக்கிறா. இது அதுக்கு முந்தின நிமிஷம். இதுலயும் சிரிக்கிறா, ஆனா இது வேற சிரிப்பு."

"அண்ணே, சோப்பு காயுது."

"காயட்டும், இன்னொரு தடவை போட்டுக்கலாம். இதைப் பாருங்க, கால் கட்டைவிரலை வாயில வெச்சிருக்கா. எங்க வம்சத்துலயே யாருக்கும் எட்டினதில்ல."

போன வாரம் ஒருத்தர் ஒரு பக்கம் கிருதா இருக்க, மறுபக்கம் கிருதா இல்லாம ஆபீசுக்கே போயிட்டாரு. சாயங்காலம் சண்டை போட வந்தவரை உட்கார வெச்சு, பேத்தி தும்முற வீடியோவைக் காட்டி அனுப்பினாரு நம்மாளு. பத்து மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் தெருவுலயே கறாரான சலூன்காரர்னு பேர் எடுத்தவர். இப்ப பேரும் போச்சு, கிருதாவும் போச்சு.

கடை சின்னதுதான். ரெண்டு நாற்காலி, நீளமா ஒரு கண்ணாடி, பவுடர் டப்பா, சீப்பெல்லாம் நிக்கிற ஒரு கண்ணாடி டம்ளர், மூலையில வாருகோல். குழந்தைங்க வந்தா நாற்காலியோட ரெண்டு கைமேலயும் குறுக்கப் போட்டு உட்கார வெக்கிறதுக்கு ஒரு பலகை. சலூன்காரரோட சொந்தத் தலை மட்டும் முழுசா வழுக்கை. அதைப் பத்தி யாராவது கேட்டா, "சாப்பாட்டுக் கடைக்காரன் சொந்தக் கடையில சாப்பிடுவானா?"ன்னு சமாளிப்பாரு.

அந்தப் பலகையை அவர் ரெண்டு மாசமா தேய்க்கிறாரு. உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, பஞ்சு வெச்சு, மேல மெத்துனு துணி தெச்சு ஆணி அடிச்சாச்சு. எல்லாம் பேத்திக்குத்தான். பேத்தியோட முதல் முடியைத் தன் கையால வெட்டணும். அவ்வளவுதான் அவர் ஆசை. முடி நெத்தியில இறங்கி கண்ணை மறைக்க ஆரம்பிச்சிருச்சு. நாள் நெருங்கிடுச்சுன்னு இவருக்கு ஒரே குஷி.

முடின்னா சும்மா முடி இல்ல. பேனாவுக்குள்ள இருக்குமே ஸ்பிரிங்கு, அந்த மாதிரி குட்டிக் குட்டிச் சுருள். இழுத்தா நீளும், விட்டா டக்குன்னு பழைய இடத்துக்கு ஓடிப்போயிடும். அது அவ அப்பாவோட முடி. அவ அப்பா, அதாவது சலூன்காரரோட மாப்பிள்ளை, வேற இனம். நிறம் வேற, வீட்டுல பேசுற பாஷை வேற. இந்தத் தெருவுல இவங்க ஆளுங்க பாதி, அவங்க ஆளுங்க பாதி. ஒரே பஸ்ஸுல போவாங்க, ஒரே கடையில ரொட்டி வாங்குவாங்க. ஆனா முடி வெட்ட மட்டும் இவங்க இந்தப் பக்கம், அவங்க எதிர்ப்பக்கம். அது யாரோ போட்ட சட்டம் இல்ல. நம்ம சலூன்காரர் போட்டதுதான். அது எப்படின்னு கொஞ்சம் பொறுங்க, வருது.

ஒரு நாள் மத்தியானம் மகள் வீட்டுக்குப் போனாரு. மகள் சமையல்கட்டுல பேத்திக்கு மசிச்ச வாழைப்பழம் ஊட்டிக்கிட்டு இருந்தா. பேத்தி வாயில கொஞ்சம், மூக்குல கொஞ்சம், மீதி தாத்தா சட்டையில.

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்துடும்மா," அப்படின்னாரு. "காலையிலேயே வா. கடையை உள்பக்கமா பூட்டிடறேன். வேற யாரும் கிடையாது. ராணி மாதிரி உட்கார வெச்சு..."

"இல்லப்பா."

"சரி, சாயங்காலம் வேணா..."

"சாயங்காலமும் இல்லப்பா. நாங்க எதிர்க்கடைக்குக் கூட்டிட்டுப் போறோம்."

இவருக்குக் காதுல விழுந்தது, மண்டையில ஏறல. "எதிர்க்கடைக்கா? எம் பேத்திக்கா? முப்பது வருஷமா கத்தரி பிடிக்கிறவன் நான் இருக்கேன்!"

மகள் ஸ்பூனைக் கீழ வெச்சா. "அவ அப்பா உட்காராத நாற்காலியில அவளும் உட்கார மாட்டா."

"அவர் ஏம்மா உட்காரல? மாமனார்ங்கிற மரியாதைக்காக உட்காரலன்னு நெனச்சேன். நான் நிக்கிறப்போ அவர் எப்படி..."

"மரியாதையா!" மகளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "அப்பா, அவர் ஒரு தடவை உங்க கடைக்கு வந்திருக்காரு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி. முடி வெட்டத்தான் வந்தாரு. நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா?"

இவருக்கு ஞாபகம் இல்ல. ஆனா என்ன சொல்லியிருப்பாருன்னு நல்லாத் தெரியும். ஏன்னா சுருட்டை முடிக்காரங்க யார் கதவைத் திறந்தாலும் இருபது வருஷமா ஒரே பதில்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

"மிஷின் ரிப்பேர்," அப்படின்னாரு மெதுவா.

"மிஷின் ரிப்பேர்! அவரு அதை நம்பிட்டாரு. 'நான் மிஷின் மெக்கானிக்தான், கொடுங்க பார்க்கறேன்'னு கையை நீட்டினாரு. நீங்க முடி வெட்டுற மிஷினை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, கொள்ளைக்காரன்கிட்டேர்ந்து குழந்தையைக் காப்பாத்துற மாதிரி நின்னீங்க. சாப்பாட்டுக் கேரியரோட நான் பின்னாடிதான் நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்கு அவமானமா போச்சு. அவர் பின்னாடியே ஓடிப்போய், 'மன்னிச்சுக்குங்க, எங்கப்பா பொய் சொன்னாரு'ன்னேன். அப்பத்தான் முதமுதல்ல பேசினோம்."

சலூன்காரர் ஸ்டூல்ல உட்கார்ந்துட்டாரு. கல்யாணத்தப்போ ஒரு வருஷம் பேசாம முறுக்கிக்கிட்டு நின்னவர் அவரு. 'யாரு இவங்க ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சது'ன்னு வீட்டுக்காரம்மாவைக் கேட்டாரு, மகளோட சிநேகிதிங்களைக் கேட்டாரு, அந்த பஸ் ரூட்டையே திட்டினாரு. கடைசியில பார்த்தா கல்யாணத் தரகரு இவரேதான்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னாரு. அந்தம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க.

"உனக்கு இது தெரியுமா?"ன்னாரு இவரு.

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்க சொல்றது? உங்க காதுதானே அப்ப ரிப்பேரா இருந்துச்சு?"

அப்புறம் ரெண்டு நாள் அவருக்கு வேலை ஓடல. போட்டோ காட்டக்கூட கை வரல. வாடிக்கையாளருங்க பயந்துட்டாங்க, பேத்திக்கு உடம்பு சரியில்லையோன்னு.

அந்தப் பொய் எப்படி ஆரம்பிச்சுதுன்னு யோசிச்சுப் பார்த்தாரு. கடை தொறந்த புதுசு. சுருட்டை முடிக்காரர் ஒருத்தர் வந்து உட்கார்ந்தாரு. இவர் தன் தொழில்ல கெட்டிக்காரர், ஆனா நேரா விழற கோரை முடியில மட்டும். எல்லாத் தலைக்கும் அடிக்கிற மாதிரி தண்ணியை அடிச்சாரு, சீப்பால இழுத்து நேராக்கினாரு, நறுக்குன்னு வெட்டினாரு. அழகா இருந்தது. பத்து நிமிஷத்துல தண்ணி காஞ்சுது. முடியெல்லாம் சுருண்டுக்கிட்டு மேல ஏற ஆரம்பிச்சுது. ஒரு இடத்துல மேடு, ஒரு இடத்துல பள்ளம், காதுக்கு மேல ஒரு பொட்டல். அந்த மனுஷன் கண்ணாடியைப் பார்த்தாரு, விழுந்து விழுந்து சிரிச்சாரு, எழுந்து போயிட்டாரு.

அவர் திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. சிரிச்சதுதான் இவருக்குத் தைச்சுது. அடுத்த தடவை அந்த மாதிரி ஒரு தலை கதவுல தெரிஞ்சதும் வாய் தானா 'மிஷின் ரிப்பேர்'னுச்சு. 'எனக்குத் தெரியாது'ங்கிற ரெண்டு வார்த்தை மட்டும் வரவே இல்ல. அத்தோட விட்டாரா? கொஞ்ச நாள்ல, 'அவங்க முடியே நம்ம கத்தரிக்கு ஒத்து வராது'ன்னு வாடிக்கையாளருங்ககிட்ட சொல்ல ஆரம்பிச்சாரு. அப்புறம் 'அவங்க ஆளுங்களே ஒரு மாதிரி'. அந்த ஆளுங்கள்ல ஒருத்தர்கூடவும் ரெண்டு நிமிஷம் பேசினது கிடையாது. தனக்கு வராத வேலையை மறைக்க ஒரு இனத்தையே கெட்டவங்களாக்கினாரு பெரிய மனுஷன். மாப்பிள்ளை வந்து நின்னப்பகூட முகத்தைப் பார்க்கல, தலையைத்தான் பார்த்தாரு. அதனாலதான் மூணு வருஷம் கழிச்சுக் கல்யாணத்துல பார்த்தப்போ அடையாளமே தெரியல.

திங்கக்கிழமை கடைக்கு லீவு. அன்னைக்குத் தெருவைத் தாண்டினாரு. பதினாறு தப்படி. பதினெட்டு வருஷமா எதிர்ல இருக்கிற கடை, உள்ள ஒரு தடவைகூட போனதில்ல.

எதிர்க்கடைக்காரம்மா நல்ல உயரம், கணீர்னு குரல். தெருவுல எல்லாருக்கும் பொதுவான பாஷையில பேசுவாங்க. இவர் கதவைத் திறந்ததுமே, வெட்டிக்கிட்டு இருந்த தலையை விட்டுட்டு நிமிர்ந்தாங்க.

"வாங்க எதிர்க்கடைக்காரரே! என்ன, மிஷின் சரியாயிடுச்சா?"

கடையில இருந்த நாலு பேரும் சிரிச்சாங்க. அந்தப் பக்கத்துல இவருக்குப் பேரே 'ரிப்பேர்'தான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

"எனக்கு..." தொண்டையைச் செருமினாரு. "எனக்கு இந்த முடி வெட்டத் தெரியாதும்மா. கத்துக் கொடுப்பீங்களா?"

சிரிப்பு நின்னுடுச்சு. அந்தம்மா இவரை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "பதினெட்டு வருஷமா நீங்க அனுப்பின ஆளுங்களாலதான் நான் ரெண்டாவது நாற்காலி வாங்கினேன். இப்ப கத்துக் கொடுத்தா என் பொழப்பு என்ன ஆகறது?"

"பேத்திக்கும்மா. என் பேத்திக்கு." போனை எடுத்துட்டாரு. மனுஷனுக்கு வேற ஆயுதம் எதுவும் தெரியாதே.

அந்தம்மா ஒரு போட்டோ பார்த்தாங்க. அப்புறம் இன்னொண்ணு கேட்டாங்க. தும்முற வீடியோவுல விழுந்துட்டாங்க. கடைசியில, "சரி. முதல்ல வாருகோலை எடுங்க. கீழ கிடக்கிற முடியைக் கையில எடுத்துப் பாருங்க. அதைத் தொட்டுப் பழகாம கத்தரியைத் தொடக்கூடாது," அப்படின்னாங்க.

மூணு திங்கக்கிழமை. முப்பது வருஷ சலூன்காரர் கூட்டிப் பெருக்கினாரு, துண்டு துவைச்சாரு, பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தாரு. மூணாவது வாரம் ஒரு புண்ணியவான் தலை கொடுத்தாரு. இவர் கை பழக்கத்துல தண்ணி பாட்டிலுக்குப் போச்சு. பட்டுன்னு ஒரு அடி விழுந்தது கையில.

"எத்தனை தடவை சொல்றது? காஞ்ச முடியில வெட்டணும்! பெரிய பல் சீப்பால கோதி விடுங்க, அது எப்படி நிக்கப் பிரியப்படுதோ அப்படி நிக்க விட்டு வெட்டுங்க. நீங்க என்னடான்னா தண்ணியை அடிச்சு, இழுத்து, உங்க முடி மாதிரி ஆக்கிட்டு வெட்டறீங்க. அப்புறம் அது உங்க பேச்சைக் கேட்கலைன்னு அது மேல பழி!"

அவங்க முடியைப் பத்தித்தான் பேசினாங்க. சலூன்காரருக்கு என்னவோ அது முடியைப் பத்தின பேச்சா மட்டும் படல.

அடுத்தது மாப்பிள்ளை. துணி துவைக்கிற மிஷின் ரிப்பேர் பண்ற சின்ன ஒர்க்‌ஷாப் அவருக்கு. வரிசையா மிஷின்கள் வயித்தைத் திறந்துக்கிட்டு நின்னுச்சு. மாப்பிள்ளை ஒண்ணுக்குள்ள தலையை விட்டு பெல்ட் மாட்டிக்கிட்டு இருந்தாரு. கல்யாணத்துக்கப்புறம் தமிழ் கத்துக்கிட்டு இப்ப நல்லாவே பேசுவாரு. சலூன்காரருக்கு மாப்பிள்ளையோட பாஷையில 'சாப்டாச்சா'ன்னு கேட்கக்கூடத் தெரியாது. அதையும் அங்க நிக்கிறப்பத்தான் யோசிச்சாரு.

வழியெல்லாம் பெருசா ஒரு பேச்சைத் தயார் பண்ணிட்டு வந்தாரு. வாயில வந்தது ஒரு வரிதான்.

"மாப்பிள்ளை, அன்னைக்கு மிஷின் நல்லாத்தான் இருந்துச்சு."

மிஷினுக்குள்ளேர்ந்து குரல் வந்தது. "தெரியும் மாமா."

"அவதான் சொல்லிட்டாளே."

"அவ சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். நான் வாசப்படி இறங்கறதுக்குள்ள உள்ள உர்ருன்னு சத்தம் கேட்டுச்சு. அடுத்த ஆளுக்கு ஓட்ட ஆரம்பிச்சிட்டீங்க." தலையை வெளிய எடுத்தாரு. சிரிக்கல, கோபமாவும் இல்ல. "அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு மாமா. உங்க கடையைத் தாண்டறப்ப எல்லாம் கேட்கும்."

சலூன்காரர் கவுத்துப் போட்ட ஒரு வாளி மேல உட்கார்ந்தாரு.

"தப்பு என்னுதுதான். சும்மா வாய் வார்த்தையா சொல்லல," அப்படின்னாரு. "ஞாயித்துக்கிழமை வாங்க. முதல்ல உங்களுக்கு. புடிச்சிருந்தா மட்டும் குழந்தைக்கு. புடிக்கலன்னா நான் வாயே தொறக்க மாட்டேன், எதிர்க்கடைக்கே கூட்டிட்டுப் போங்க."

மாப்பிள்ளை கையை ஒரு துணியில துடைச்சாரு. "வரேன் மாமா," அப்படின்னாரு.

ஞாயித்துக்கிழமை. கடை பளபளன்னு இருந்துச்சு. நாற்காலிக்குப் புதுத் துண்டு. மகள் பேத்தியை இடுப்புல வெச்சுக்கிட்டு ஓரமா நின்னா. வீட்டுக்காரம்மா பெஞ்சுல உட்கார்ந்து, சினிமா பார்க்க வந்த மாதிரி காலை நீட்டிக்கிட்டாங்க. மாப்பிள்ளை நாற்காலியில உட்கார்ந்தாரு. ஏழு வருஷம் கழிச்சு.

சலூன்காரர் துணியைப் போர்த்தினாரு, பெரிய பல் சீப்பால கோதினாரு, மிஷினை எடுத்து சுவிட்சைத் தட்டினாரு.

சத்தமில்ல.

மறுபடி தட்டினாரு. பிளக்கை ஆட்டினாரு. ஊதினாரு. தொடையில ரெண்டு தட்டு தட்டினாரு. ஒண்ணும் நடக்கல. நெத்தியில வேர்த்துக் கொட்டுது. கண்ணாடியில நாலு ஜோடிக் கண்ணு அவரையே பார்க்குது. சொல்லியாகணும், வேற வழியில்ல.

"மாப்பிள்ளை," குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வந்துச்சு. "மிஷின்... ரிப்பேர்."

முதல்ல சிரிக்க ஆரம்பிச்சது வீட்டுக்காரம்மாதான். வாயைப் பொத்திக்கிட்டு குலுங்குனாங்க. அப்புறம் மகள். எதுக்குன்னே தெரியாம பேத்தியும் கெக்கேபிக்கேன்னு சிரிச்சா.

"சத்தியமா! நெஜமாவே ரிப்பேர்! இதோ பாருங்க, நீங்களே பாருங்க!" மிஷினை ரெண்டு கையாலயும் நீட்டினாரு.

மாப்பிள்ளை போர்த்தின துணிக்குள்ளேர்ந்து கையை வெளிய விட்டு அதை வாங்கினாரு. பாக்கெட்லேர்ந்து குட்டி ஸ்க்ரூடிரைவர். ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டி மூடியைத் திறந்தாரு. உள்ளேர்ந்து கத்தையா முடி விழுந்துச்சு.

"பூராவும் கோரை முடி மாமா," அப்படின்னாரு. "இருபது வருஷமா ஒரே முடியைத் தின்னு அடைச்சுக்கிச்சு." பிரஷ்ஷால தட்டினாரு, ஒரு ஒயரைச் சொருகினாரு, மூடினாரு. உர்ருன்னு சத்தம் வந்துச்சு. "அன்னைக்கே எங்கிட்ட கொடுத்திருந்தா அன்னைக்கே பார்த்திருப்பேன்."

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கண்ணாடியில சிரிச்சாரு மாப்பிள்ளை. சலூன்காரருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கலங்கின கண்ணோட வேலை செய்யக்கூடாதுன்னு அவருக்குத் தெரியாதா? தெரியும். செஞ்சாரு. வலப்பக்கம் நல்லா வந்துச்சு. அந்த சந்தோஷத்துல இடப்பக்கம் போனப்போ கை தானா பாட்டிலை எடுத்துச்சு. புஸ்ஸு புஸ்ஸுன்னு ரெண்டு அடி. யாரும் கவனிக்கல. இழுத்து, கத்தரியால நறுக்கு நறுக்குன்னு வெட்டிட்டாரு.

பத்து நிமிஷத்துல காஞ்சுது.

இடப்பக்கம் மெல்ல மெல்ல மேல ஏறிச்சு. காதுக்கு மேல அதே பழைய பொட்டல். மாப்பிள்ளை தலையை இப்படித் திருப்பினாரு, அப்படித் திருப்பினாரு. இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் சிரிச்ச மாதிரியே விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஆனா எழுந்து போகல.

"பரவால்ல மாமா. ஒரு மாசத்துல வளர்ந்துடும். அடுத்த மாசம் மறுபடி இங்கதான்." மகள்கிட்ட கையை நீட்டினாரு. "குழந்தையைக் கொடு. உட்காரட்டும்."

மகள் பேத்தியை மெத்தைப் பலகை மேல உட்கார வெச்சா. ரெண்டு மாசமா தேய்ச்ச பலகை. பேத்தி கண்ணாடியில தன்னைப் பார்த்து கைகொட்டினா. சலூன்காரர் கத்தரியை எடுத்தாரு. மாப்பிள்ளையோட இடப்பக்கத்தைப் பார்த்தாரு. பேத்தியோட சுருளைப் பார்த்தாரு. கத்தரியைக் கீழ வெச்சாரு. கதவைத் திறந்து தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாரு.

"எதிர்க்கடைக்காரம்மா! கொஞ்சம் வாங்க! எனக்குத் தெரியல!"

அந்தம்மா சீப்போட வந்தாங்க. மாப்பிள்ளை தலையைப் பார்த்து, "தண்ணி அடிச்சீங்களா?"ன்னாங்க. சலூன்காரர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அவங்க வெட்டினாங்க. சலூன்காரர் பேத்தியோட தாடையைப் பிடிச்சுக்கிட்டாரு. அவ இவர் விரலைக் கடிச்சா. முளைச்சது ரெண்டே பல்லு, ரெண்டும் பதிஞ்சுது. முதல் சுருள் அவர் கையிலதான் விழுந்துச்சு.

அப்பத்தான் கதவு திறந்துச்சு. நல்ல சுருட்டை முடியோட ஒருத்தர், தெருவுக்குப் புதுசு போல. உள்ள வரலாமா வேணாமான்னு தயங்கினாரு.

"வாங்க, வாங்க!" சலூன்காரர் ஓடிப்போய் ரெண்டாவது நாற்காலியைத் தட்டினாரு. "மிஷின் நல்லா இருக்கு! உட்காருங்க! நானே வெட்டறேன்!"

வந்தவர் சந்தோஷமா ரெண்டு அடி வெச்சாரு. அப்புறம் மாப்பிள்ளையோட இடப்பக்கத்தைப் பார்த்தாரு.

"இல்லண்ணே," அப்படின்னாரு பவ்யமா. "நீங்க கத்திக் கூப்பிட்டது தெருவுல கேட்டுச்சு, அந்தம்மா எதிர்க்கடைதானே? அவங்க வர்ற வரைக்கும் அங்க உட்கார்ந்திருக்கேன்."

கதவு சாத்திக்கிச்சு. இருபது வருஷத்துல அந்தக் கடையிலேர்ந்து, இவர் பொய் சொல்லித் துரத்தாம, ஒருத்தர் தானா எதிர்க்கடைக்குப் போனது அதுதான் முதல் தடவை. சலூன்காரருக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம்னு யாருக்கும் புரியல. "போறாரு பாரு, அவராவே போறாரு!"ன்னு எல்லார்கிட்டயும் காட்டினாரு. அப்புறம் போனை எடுத்துக்கிட்டு, கண்ணாடிக்கு முன்னாடி உட்கார்ந்திருந்த பேத்தியையும் இடப்பக்கம் பொட்டலா இருந்த மாப்பிள்ளையையும் சேர்த்து ஒரு போட்டோ பிடிச்சாரு.

நீங்க அந்தக் கடைக்குப் போனா அதை உங்களுக்கும் காட்டுவாரு. சோப்பு காஞ்சா பொறுத்துக்குங்க.